நிலம், மொழி, மக்கள் – ஸ்கை தீவில் ஒரு வார இதழ்

ஸ்காத்லாந்து நாட்டின் மேற்குக் கரையை ஒட்டி, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போலக் கிடக்கிறது ஸ்கை தீவு. இன்வர்னெஸ் நகரிலிருந்து மலைகளையும் ஏரிகளையும் சுற்றிச் சுற்றி வரும் இருப்புப்பாதை, கைல் ஆஃப் லோக்கால்ஷ் என்னும் சிற்றூரை அடைந்ததும் கடலைக் கண்டு நின்றுவிடுகிறது. 1897-ஆம் ஆண்டில் வந்து சேர்ந்த பாதை அது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அங்கிருந்து தீவுக்குச் செல்வோர் படகில்தான் சென்றனர். இப்போது வளைந்து உயர்ந்து இறங்கும் ஒரு பாலம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் நாங்கள் இருவரும் அப்பாலத்தை நடந்தே கடந்தோம். காற்று குடையைப் பிடுங்கிக்கொண்டு போகும் அளவுக்கு வீசியது. கோடை என்று நாம் சொல்வதும் அவர்கள் சொல்வதும் ஒன்றல்ல என்பதை அன்றே அறிந்தோம்.

பாலத்திற்கு ஒரு கதை உண்டு. 1995-ஆம் ஆண்டு அக்டோபரில் அது திறக்கப்பட்டது. அரசு தன் பணத்தில் கட்டாமல் தனியாரிடம் விட்டது. பணத்தின் பெரும்பகுதி அமெரிக்க வங்கி ஒன்றிலிருந்து வந்தது. பாலம் திறந்த அன்றே பழைய படகும் நிறுத்தப்பட்டது. ஆகவே மளிகை வாங்கவோ மருத்துவரைக் காணவோ இந்த வழியாகக் கரைக்குப் போகவேண்டிய தீவு மக்கள், ஐரோப்பாவிலேயே மிகக் கடுமையானவற்றுள் ஒன்று எனப் பேசப்பட்ட சுங்கத்தைக் கட்டவேண்டியதாயிற்று. பலர் கட்ட மறுத்தார்கள். வழக்குகள் குவிந்தன, நூற்றுக்கு மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். 2004-ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்காத்லாந்து அரசு பாலத்தை விலைக்கு வாங்கிச் சுங்கத்தை ஒழித்தது. இன்று எவரும் காசு தராமல் போகலாம், வரலாம். எனினும் தம் ஊருக்குப் போகும் வழியே வேறொருவரின் உடைமையாக இருந்த அந்த ஒன்பது ஆண்டுகளைத் தீவு எளிதில் மறந்துவிடவில்லை.

பாலத்தைக் கடந்ததும் முதலில் வரும் ஊர் கைலாக்கின். வெள்ளைச் சுவர் வீடுகள், இடிந்த கோட்டை, பயன் இழந்த பழைய படகுத்துறை. 1965-ஆம் ஆண்டில், ஞாயிற்றுக்கிழமைகளிலும் படகு விடுவது என்று முடிவானபோது, ஆண்டவரின் நாளை மீறலாகாது என்று ஸ்காத்லாந்து சுதந்திரத் திருச்சபையின் போதகர் ஒருவர் இத்துறையில்தான் வண்டிகளுக்கு முன்னே சாலையில் படுத்துக்கொண்டார். காவலர் அவரைத் தூக்கிச் சென்றனர். இத்தீவினர் தாம் நம்புவதை மென்று விழுங்கும் இயல்பினர் அல்லர் என்று காட்டவே இதனை இங்கே சொல்கிறோம். ஏனெனில் இதே கைலாக்கினில்தான், அடுத்த ஏழாண்டுகளுக்குள், நாங்கள் காண வந்த வார இதழ் பிறந்தது.

அதன் பெயர் ‘வெஸ்ட் ஹைலாண்ட் ஃப்ரீ பிரஸ்’. கைலாக்கினிலிருந்து எட்டு மைல் தொலைவிலுள்ள பிராட்ஃபோர்டு என்னும் ஊர்க் கடையில், பால் புட்டிகளுக்கும் ரொட்டிக்கும் நடுவே அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்று வாங்கிக்கொண்டு, மழைக்கு ஒதுங்கிய இடத்திலேயே படிக்கத் தொடங்கினோம். இதழின் தலைப்பருகே கேலிக் மொழியில் ஒரு வரி. அதன் பொருள்: நிலம், மொழி, மக்கள். நூறாண்டுகளுக்கு முன் நிலக்கிழாரை எதிர்த்துக் குடியானவர்கள் எழுப்பிய முழக்கம் அது. உள்ளே படகு நேரங்கள், ஆட்டுச் சந்தை விலை, மரண அறிவிப்புகள், ‘ஷின்டி’ என்னும் அவர்களுடைய மட்டைப் பந்தாட்டத்தின் முடிவுகள், கேலிக் மொழியில் ஒரு பகுதி, ஆசிரியருக்குக் கடிதங்கள். கடிதங்கள் மட்டும் ஒரு பக்கத்தையும் தாண்டிச் சென்றன. பத்தாயிரம் பேர் வாழும் தீவில் இத்தனை பேர் எழுதுகிறார்களே என்று வியந்தோம். நம் பங்குகளில் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டு வாங்குவதற்குள் படும் பாடு வாசகர்களுக்குத் தெரியும்.

1972-ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கியவர்கள் டன்டீ பல்கலைக்கழகத்தில் ஒன்றாய்ப் படித்த இளைஞர் சிலர். முதல் ஆசிரியரான பிரையன் வில்சனுக்கு அப்போது வயது இருபத்து மூன்று. கையில் பெரும்பணம் இல்லை. செய்திகளைத் தந்து செல்லும் நோக்கமும் இல்லை. மேற்கு மலைநாட்டில் நிலம் யாருடையது, அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்கிறார் என்று வாரந்தோறும் கேட்பதே நோக்கம். நாடு முழுதும் நிலக்கிழார் யார் யார் என்பதற்கு ஒழுங்கான பட்டியல் ஒன்று கூடக் கிடையாத காலம். தொண்ணூறு வயது முதியவரான ஜான் மக்யூவன் என்னும் வனத்தொழிலாளர், தாமே கணக்கெடுத்து ‘ஸ்காத்லாந்து யாருக்குச் சொந்தம்’ என்னும் நூலை வெளியிட்டது 1977-இல்தான்.

அந்தக் கேள்வி ஏன் அவ்வளவு கனமானது என்பதை அறிய, தலைநகரான போர்ட்ரீயிலிருந்து தெற்கே ஒரு குறுகிய சாலையில் செல்லவேண்டும். கடலைப் பார்த்தபடி சரிந்திருக்கும் புல்வெளிகளில் தனித்தனியே வீடுகள். அப்பகுதிக்கு பிரேஸ் என்று பெயர். சாலையோரத்தில் கற்களை அடுக்கி ஒரு நினைவுச் சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். 1882-ஆம் ஆண்டு ஏப்ரலில் இங்கே சண்டை நடந்தது. தங்கள் ஆடு மாடுகள் காலங்காலமாய் மேய்ந்த மலைச்சரிவைத் திருப்பித் தரவேண்டும் என்று குடியானவர்கள் வாடகையை நிறுத்தினர். நிலக்கிழார் நீதிமன்றம் சென்றார். ஐம்பதுபோல் காவலர் கிளாஸ்கோவிலிருந்து வரவழைக்கப்பட்டு, விடியற்காலையில் மழையில் நனைந்தபடி வந்து சிலரைக் கைது செய்தனர். பெண்களே முன்னின்று கற்களை உருட்டினர் என்று வரலாறு கூறுகிறது.

இதனால் கலங்கிய அரசு மறு ஆண்டு ஒரு விசாரணை ஆணையம் அமைத்தது. அதன் தலைவர் நேப்பியர் பிரபு. பெயரைப் படித்ததும் எங்களுள் ஒருவர், “சென்னையில் கூவத்தின் மேல் நிற்கிறதே, அந்த நேப்பியரா?” என்று கேட்டார். அவரேதான்! 1866 முதல் 1872 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராயிருந்தவர்; கடற்கரைச் சாலையில் நாம் கடக்கும் பாலத்திற்குப் பெயர் தந்தவர். தம் தாயகம் திரும்பிய பின் இத்தீவுகளின் ஏழைக் குடியானவர்களுடைய குறைகளைக் கேட்க வந்தார். ஆணையம் தன் முதல் அமர்வை 1883-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள் இதே பிரேஸில் நடத்தியது.

முதல் சாட்சி ஆங்கஸ் ஸ்டூவர்ட் என்னும் குடியானவர். குறை என்ன என்று கேட்டார்கள். அவர் குறையைச் சொல்லவில்லை. முதலில் ஓர் உறுதிமொழி கேட்டார். தாம் உண்மையைச் சொன்னால் அதற்காகத் தம்மை நிலத்தினின்று வெளியேற்றமாட்டார்கள் என்று யாராவது வாக்குத் தரவேண்டும் என்றார். அப்படிப்பட்ட முழுப் பாதுகாப்பைத் தருவதற்கு ஆணையத்திற்கு அதிகாரம் இல்லை என்று நேப்பியர் பிரபுவே கூறவேண்டியிருந்தது. நிலக்கிழாரின் காரியஸ்தர் அதே அறையில் அமர்ந்திருந்தார்.

அந்தக் கற்குவியலின் அருகே நின்றபோது இதைத்தான் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அரசியின் ஆணையமே நேரில் வந்து ‘பேசு’ என்கிறது. ஆனால் காலடியில் உள்ள மண் பிறருடையது; அதனால் நா எழவில்லை. ஆண்டுக் குத்தகையில், எப்போது வேண்டுமானாலும் காலி செய்யும்படி அறிவிப்பு வரலாம் என்ற நிலையில் வாழ்பவனுக்குக் கருத்துரிமை என்பது ஏட்டுச் சுரைக்காய். 1886-ஆம் ஆண்டின் சட்டம் குடியானவர்களுக்கு நிலைத்த குடியிருப்பு உரிமையைத் தந்தது. நியாயமான வாடகையும் பிள்ளைகளுக்கு நிலத்தை விட்டுச் செல்லும் உரிமையும் அதிலேயே கிடைத்தன. அதன் பின்னரே அவர்கள் அஞ்சாமல் வாய் திறந்தனர். தங்கள் பிரதிநிதிகளை அதற்கு முந்திய ஆண்டிலேயே நாடாளுமன்றத்திற்கு அனுப்பியிருந்தனர்.

அச்சிட்ட எழுத்துக்கும் இதே கதிதான். குடியானவர்களுக்காகப் பேசிய ஓர் இதழ் முன்னரே இருந்தது. வரித்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஜான் மர்டாக் என்பவர் 1873-இல் இன்வர்னெஸில் தொடங்கிய ‘ஹைலாண்டர்’ அது. கேலிக் மொழிக்கும் இடம் தந்தது. மர்டாக் ஊர் ஊராகச் சென்று மக்களைக் கூட்டிப் பேசினார். ஸ்கையின் வடபகுதியில் கில்முயிர் நிலங்களின் உடைமையாளரான ஃபிரேசர், வாடகையை உயர்த்திப் பெயர் கெட்டவர். 1877-இல் பெருவெள்ளம் வந்து யூக் என்னும் இடத்திலிருந்த அவருடைய மாளிகையை அடித்துச் சென்றது. இடுகாட்டினின்று பெயர்ந்த பிணங்கள் அவர் தோட்டத்தில் வந்து ஒதுங்கின. இதைக் கடவுளின் தீர்ப்பு என்று மக்கள் பேசியதை ‘ஹைலாண்டர்’ வெளியிட்டது. ஃபிரேசர் மானநஷ்ட வழக்குத் தொடுத்தார். ஏற்கெனவே பணமுடையில் தவித்த இதழ், 1880-களின் தொடக்கத்தில் நின்றே போயிற்று. பிரேஸ் மக்கள் கல்லெடுத்த நாள்களில் அவர்களுக்கு மிகவும் வேண்டியிருந்த குரல் ஓய்ந்துகொண்டிருந்தது.

துணிவுள்ள ஆசிரியர் ஒருவர் போதாது. அவருக்குப் பின்னால் இதழை நிறுத்திவைக்கும் முதல் வேண்டும். அம்முதல் யாரிடமிருந்து வருகிறது என்பதும் தெரியவேண்டும். 1972-இன் இளைஞர்கள் இதனை அறிந்தே, இதழை எந்தக் குழுமத்தின் கையிலும் கொடாமல் தாங்களே உடைமையாக வைத்துக்கொண்டார்கள் என்று எண்ணுகிறோம்.

அதன் பயனை ராசேத் தீவில் காணலாம். ஸ்கையின் ஸ்கான்சர் துறையிலிருந்து இருபத்தைந்து நிமிடப் படகுப் பயணம். இரண்டாயிரம் அடிக்கு எழுந்த மலைகள் பின்வாங்க, மேசைபோல் தட்டையான தலையுடைய ஒரு குன்று எதிரே வரும். மிகச் சிலரே வாழும் சிறு தீவு. கேலிக் மொழியின் பெருங்கவிஞர் சோர்லி மக்லீன் 1911-இல் பிறந்தது இங்கேதான். 1850-களில் அன்றைய நிலக்கிழார் கிராமம் கிராமமாக மக்களை வெளியேற்றி ஆடுகளை விட்டார். கூரையற்ற கற்சுவர்கள் இன்றும் கிழக்குச் சரிவில் நிற்கின்றன.

1960-களில் ராசேயின் மாளிகையும் வேறு முக்கியக் கட்டடங்களும் அரசுத் துறையிடமிருந்து மிகச் சொற்ப விலைக்கு, இங்கிலாந்தின் தென்கோடியில் வாழ்ந்த ஒரு மருத்துவரின் கைக்குப் போயின. அவர் இங்கு வந்து குடியிருக்கவில்லை. தீவுக்கு வண்டிகளை ஏற்றிவரும் படகு வேண்டும் என்று மக்கள் பல ஆண்டுகள் கேட்டார்கள். அதற்குத் துறை கட்டத் துண்டு நிலம் வேண்டும். மருத்துவர் தர மறுத்தார். மறுத்துக்கொண்டே இருந்தார். திரைப்பட வில்லன் ஒருவனின் பெயரை எடுத்து அவரை ‘டாக்டர் நோ’ என்றே செய்தித்தாள்கள் அழைத்தன. ‘ஃப்ரீ பிரஸ்’ அவரை விடவில்லை. தலைநகரச் செய்தித்தாளுக்கு அது ஒரு நாள் வேடிக்கைச் செய்தி. ஸ்கையின் வார இதழுக்கோ, கூப்பிடு தூரத்தில் வாழும் அண்டை வீட்டாரின் வாழ்வு. முதல் இதழுக்குப் பின் நான்காண்டுகள் கழித்து, 1976-இல், வண்டிப் படகு வந்தது. ஆனால் வசதியான இடத்தில் அன்று, மருத்துவரின் நிலத்திற்கு அப்பால் வேறொரு முனையில். 1979-இல் மலைநாட்டு வளர்ச்சி வாரியம் அவருடைய உடைமைகளை வாங்கியது. மாளிகைக்கு அண்மையில் புதிய துறை அமைந்தது 2010-இல்.

ராசேயின் வடகோடிக்கும் போனோம். அங்கே கேலம் மக்லவுட் என்பவர், ஊருக்குச் சாலை வேண்டும் என்று கேட்டுக் கேட்டுச் சலித்து, ஒரு பழைய சாலை அமைப்பு நூலை வாங்கிப் படித்து, கோடாரியும் மண்வெட்டியும் தள்ளுவண்டியும் கொண்டு ஏறத்தாழப் பத்தாண்டுகள் தாமே உழைத்து, ஒன்றே முக்கால் மைல் சாலையைப் போட்டு முடித்தார். முடிந்தபோது, அந்த ஊரில் அவரும் மனைவியுமே கடைசிக் குடிகளாக எஞ்சியிருந்தனர். அவர் வரலாற்றை எழுதிய ரோஜர் ஹட்சின்சன், ‘ஃப்ரீ பிரஸ்’ இதழில் பணியாற்றியவர். ஓர் உள்ளூர் இதழ் நின்று நிலைத்தால், அதனிடத்தில் இப்படிப்பட்டவர்களும் தங்குகிறார்கள். ஒரு மனிதரின் சாலையைக் குறித்து ஒரு முழு நூல் எழுதப் பொறுமையுள்ளவர்கள்.

இதையெல்லாம் கேட்டு, உள்ளூர்க்காரர் கையில் இருந்தால் இதழ் தானே சுதந்திரமாகிவிடும் என்று எவரும் எண்ணவேண்டாம். ஊர் இதழ் நடத்துவோருக்கு வரும் சோதனை வேறு வகையினது. தொலைவிலுள்ள முதலாளிக்கு, குடித்துவிட்டு வண்டியோட்டித் தண்டனை பெற்றவன் யார் என்பது பொருட்டன்று. உள்ளூர் ஆசிரியருக்கோ, அவன் தன் பிள்ளையின் பள்ளியாசிரியராக இருக்கலாம். அவன் தாய் வீட்டுக் கதவைத் தட்டிப் பெயரைப் போடவேண்டாம் என்று கண்ணீர் விடலாம். விளம்பரம் தருவோர் விடுதிக்காரர், கடைக்காரர், நில விற்பனைத் தரகர், மாவட்ட மன்றம் என்று விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஒருவரைச் சினமூட்டினால் அரைப் பக்கம் வெறுமையாகும். அஞ்சவேண்டிய ஆள் மாறுகிறான். அச்சம் அப்படியே இருக்கிறது. ஒரு வேறுபாடு உண்டு: இங்கே அச்சுறுத்துபவனும் அச்சத்தை வென்றவனும் ஒரே தெருவில் நடக்கிறார்கள், ஊர் இருவரையும் பார்க்கிறது.

‘ஃப்ரீ பிரஸ்’ இதழுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. அதன் நிறுவனரே அரசியலுக்குப் போனார். பிரையன் வில்சன் தொழிற்கட்சியின் வேட்பாளராகச் சிலமுறை தோற்று, 1987-இல் வேறொரு தொகுதியில் வென்று நாடாளுமன்றம் சென்றார். 1997-இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தபோது ஸ்காத்லாந்து துறையில் அமைச்சரானார். பாலத்தின் சுங்கமோ அப்போதும் நீடித்தது. உள்ளூராருக்குச் சலுகை கிடைத்ததேயன்றி ஒழியவில்லை. தம் இதழின் நிறுவனர் ஆளுங்கட்சி அமைச்சராயிருக்கும்போது, அந்த ஆட்சியின் சுங்கத்தைப் பற்றி அவ்விதழ் எழுதும் ஒவ்வொரு சொல்லையும் வாசகர் இருமுறை நிறுத்துப் பார்த்திருப்பார்கள். இதில் யாரையும் நாங்கள் குறை கூறவில்லை. உடைமையாளர் வெளியூர் நிலக்கிழாராய் இருந்தால்தான் ஐயம் எழும் என்பதில்லை. நம்மவர், நல்லவர், நமக்காகப் போராடியவர் என்றாலும் எழும். எழுவது நல்லதே.

வடக்கே லூயிஸ் தீவில் ‘ஸ்டார்னோவே கெசட்’ என்னும் இதழ் உண்டு. 1917-இல் உள்ளூர்க்காரர் ஒருவர் தொடங்கியது. அது பிற்காலத்தில் ஜான்ஸ்டன் பிரஸ் என்னும் பெருங்குழுமத்தின் நூற்றுக்கணக்கான இதழ்களுள் ஒன்றாயிற்று. அக்குழுமம் கடன் வாங்கி இதழ்களாக வாங்கிக் குவித்தது. விளம்பரம் இணையத்திற்குப் போயிற்று. கடன் மட்டும் போகவில்லை. ஆசிரியர் குழுக்கள் சுருங்கின. 2018-ஆம் ஆண்டு நவம்பரில் குழுமம் நொடித்து, அதன் இதழ்கள் கடன் கொடுத்தவர்கள் அமைத்த நிறுவனத்திற்கும், 2021-இல் மற்றொரு குழுமத்திற்கும் கைமாறின. லூயிஸ் தீவின் மீனவர், தம் ஊர் இதழைப் பற்றி இலண்டனில் எடுக்கப்பட்ட முடிவை யாரிடம் போய்க் கேட்பது? அங்கே எவரும் தலையங்கத்தைத் திருத்தச் சொன்னதாக நாங்கள் கூறவரவில்லை. அதற்குத் தேவையே இல்லை. செய்தியாளரைக் குறைத்துவிட்டால் மன்றக் கூட்டத்திற்குப் போக ஆளிராது. ஆளில்லாத இடத்தில் கேள்வியும் இராது.

ஸ்கையில் வேறு காற்று வீசியது. 1993-இல் வடமேற்குக் கரையின் அசின்ட் பகுதிக் குடியானவர்கள் தாங்கள் பயிரிட்ட நிலத்தைப் பணம் திரட்டித் தாங்களே வாங்கினர். 1997-ஆம் ஆண்டு ஜூனில், ஸ்கையின் தெற்கே தெரியும் எய்க் தீவின் மக்கள், நிலக்கிழார் மாறி நிலக்கிழார் வந்த துன்பத்திற்கு முடிவு கட்டி, தீவையே பதினைந்து இலட்சம் பவுண்டுக்கு வாங்கினர். 2006-இல் தெற்கு உயிஸ்ட் தீவினர் அவ்வாறே செய்தனர். கத்தோலிக்கர் மிகுந்த தீவு அது. சாலையோரங்களில் மாதா சுரூபங்கள் நிற்கும். நிலச் சீர்திருத்தச் சட்டம் 2003-இல் இதற்கு வழி செய்திருந்தது. இச்செய்திகளையெல்லாம் வாரந்தோறும் எழுதிக் கோத்து அச்சிட்டவர்கள் ‘ஃப்ரீ பிரஸ்’ பணியாளர்கள். 2009-இல், அதுவரை உடைமையாளராயிருந்தவர்கள் விலக விரும்பியபோது, பத்துப் பேரளவிலிருந்த அப்பணியாளர்களே இதழை வாங்கினார்கள். ஆசிரியரும் செய்தியாளரும் விளம்பரம் சேர்ப்பவரும் சேர்ந்து உடைமையாளரானார்கள். பிரித்தானியாவில் அத்தகைய செய்தித்தாள் வேறில்லை என்று அப்போது பேசப்பட்டது. ஊர் ஊராக மக்கள் நிலம் வாங்கிய கதையை எழுதியவர்கள், தங்கள் மேசையையும் நாற்காலியையும் வாங்கிக்கொண்டார்கள்!

ஆறாண்டுகள் கழித்து வந்தது பெருஞ்சோதனை. டொனால்டு மக்லவுட் என்னும் பேராசிரியர் அவ்விதழில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்தி எழுதிவந்தார். லூயிஸ் தீவில் பிறந்தவர். சுதந்திரத் திருச்சபையின் இறையியல் அறிஞர். எடின்பரோவில் அத்திருச்சபையின் கல்லூரிக்கு முதல்வராயிருந்தவர். இடதுசாரி இதழில் இறையியல் பேராசிரியரா என்று வெளியூரார் வியந்ததுண்டு, தீவினர் வியக்கவில்லை. 2015-ஆம் ஆண்டில் அவர் பிரித்தானியாவில் இஸ்லாமின் வளர்ச்சியைப் பற்றியும், கிறிஸ்தவர்களின் வருங்காலத்தைப் பற்றியும் ஒரு பத்தி எழுதினார். அது முஸ்லிம்களைப் புண்படுத்துவது என்று கண்டனம் எழுந்தது. இதழ் அக்கருத்துகளிலிருந்து தன்னை விலக்கிக்கொண்டது. பேராசிரியரின் பத்தி அங்கே தொடரவில்லை. அவருடைய எழுதும் உரிமையை ஆதரித்துப் பிரையன் வில்சன் எழுதினார். அவர் பத்தியும் நிறுத்தப்பட்டது. நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் தாம் உருவாக்கிய இதழிலேயே நிறுவனருக்கு இடமில்லாமற் போயிற்று.

இதனை எப்படிக் கொள்வது? எங்களுக்குள்ளேயே இரு கருத்து இருந்தது. பழைய முதலாளி எவ்வளவு பெரியவராயினும் புதிய உடைமையாளர் அவருக்குப் பணியவில்லை. இதுவன்றோ சுதந்திரம் என்றார் ஒருவர். நிலக்கிழாருக்கு அஞ்சாத இதழ், ஒரு பத்தியாளருக்கும் வாசகர் சிலருக்கும் இடையில் எழுந்த சினத்தைத் தாங்கமாட்டாமற் போயிற்றே என்றார் மற்றவர். இரண்டிலும் உண்மை உண்டு. இதில் ஒன்று தெளிவு: அந்த முடிவு இலண்டனிலோ நியூயார்க்கிலோ கணக்குப் பார்ப்பவர் எடுத்ததன்று. பிராட்ஃபோர்டில், இதழை நடத்துவோரே எடுத்தது. தவறென்று கருதியவர் அவர்களைக் கடைத்தெருவிலே நிறுத்திக் கேட்டிருக்கலாம், கேட்டும் இருப்பார்கள். ஆங்கஸ் ஸ்டூவர்ட்டுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. அவருடைய நிலக்கிழாருக்காக அறையில் இருந்தவர் ஒரு காரியஸ்தர்.

எனினும், இதழைச் சொந்தமாக்கிக்கொண்டவர்களுக்கு நாங்கள் ஒரு குறை வைப்போம். பத்தியில் பிழை கண்டால், எதிர்த்து எழுத வல்ல ஒரு முஸ்லிம் வாசகருக்கு அதே இடத்தில் அதே நீளம் தந்திருக்கலாம். பேராசிரியருக்கு விடை கூறவும் வில்சனுக்கு வாதிடவும் மறு வாரம் இடம் விட்டிருக்கலாம். ஞாயிற்றுப் படகுக்கு எதிராகச் சாலையில் படுத்தவரையும், அவரைத் தாண்டிப் போக விரும்பியவரையும் ஒருங்கே தாங்கிய தீவு அது. கடிதப் பக்கம் ஒன்றுக்கு இரண்டாக விரிந்திருந்தாலும் அத்தீவினர் படித்திருப்பார்கள்.